தாவரக் காப்புரிமை எண்ணிக்கையை வைத்து நாடுகளை ஒப்பிட முடியுமா?

எந்த நாடு விவசாயத்தில் அதிகம் புதுமை செய்கிறது? இந்தக் கேள்விக்குப் பதிலாக அடிக்கடி ஓர் அட்டவணை காட்டப்படும். ஒரு பக்கம் நாடுகளின் பெயர்கள், மறுபக்கம் தாவரக் காப்புரிமைகளின் எண்ணிக்கை. மேலே இருப்பவை முன்னோடிகள், கீழே இருப்பவை பின்தங்கியவை என்று பார்த்தவுடன் மனதில் பதிந்துவிடும். நானும் வெகுநாள் அப்படித்தான் வாசித்தேன். அந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்துகொண்ட பிறகு அதே அட்டவணையைப் பழையபடி வாசிக்க என்னால் முடியவில்லை.

இந்த விஷயத்துக்குப் புதிதாக வருபவர்களுக்காக அதை அடியிலிருந்து சொல்கிறேன். சட்டமோ மரபியலோ படித்திருக்கத் தேவையில்லை.

ஒட்டுக்கிளையும் ஒரு ரோஜாவும்

ஆப்பிள் விதையை ஊன்றினால் அதே ஆப்பிள் வராது. வேறு ஏதோ ஒரு ஆப்பிள் வரும், பெரும்பாலும் சுமாரானது. அதனால் நல்ல மரம் ஒன்று கிடைத்தால் அதன் கிளையை வெட்டி இன்னொரு வேரில் ஒட்டுக் கட்டித்தான் பெருக்குவார்கள். ஒட்டு, பதியன், தண்டுத் துண்டு எல்லாமே அந்த வழிதான். தாய்மரத்தின் அச்சு அசலான நகல் கிடைக்கும்.

இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. பல ஆண்டுகள் உழைத்து ஒரு ரகத்தை உருவாக்கியவரிடமிருந்து ஒருவர் ஒரே ஒரு கன்று வாங்கினால் போதும். அடுத்த சில ஆண்டுகளில் அவரே ஆயிரக்கணக்கில் பெருக்கி விற்கலாம். அமெரிக்காவின் ஸ்டார்க் சகோதரர்கள் என்ற நாற்றங்கால் நிறுவனம் 1914ல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மஞ்சள் ஆப்பிள் மரத்தை 5,000 டாலர் கொடுத்து வாங்கியது. யாரும் கிளை ஒடித்துப் போய்விடக்கூடாது என்று மரத்தைச் சுற்றிக் கூண்டு கட்டி, எச்சரிக்கை மணியும் வைத்தது. இன்று உலகம் முழுக்க விற்கும் கோல்டன் டெலிஷியஸ் அந்த ஒரே மரத்தின் வாரிசு. சட்டப் பாதுகாப்பு இல்லாத காலத்தில் இரும்புக் கம்பிதான் காப்புரிமை வேலையைச் செய்தது.

அந்தக் கூண்டுக்குப் பதிலாக 1930 மே மாதம் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதுதான் தாவரக் காப்புரிமைச் சட்டம். நாற்றங்கால் நிறுவனங்கள் இதற்காகக் கடுமையாக முயன்றன. தாமஸ் எடிசனும் ஆதரித்தார். முதல் தாவரக் காப்புரிமை 1931 ஆகஸ்ட் 18ல் ஹென்றி போசன்பெர்க் என்பவரின் ரோஜாவுக்குக் கிடைத்தது. நியூ டான் என்ற அந்தக் கொடி ரோஜா, வேறொரு ரோஜாச் செடியில் தற்செயலாக நிகழ்ந்த மரபு மாற்றத்தால் வந்தது. தாய்ச்செடி ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். இது மீண்டும் மீண்டும் பூத்தது. போசன்பெர்க் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தார், பெருக்கினார், பதிவு செய்தார். "உருவாக்கியவர் அல்லது கண்டறிந்தவர்" என்று சட்டமே இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. காட்டில் தானாக வளர்ந்ததைக் கண்டெடுத்தால் உரிமை கிடையாது. சாகுபடி நிலத்தில் கண்டெடுத்தால் கிடைக்கும்.

சட்டத்தின் எல்லையைக் கவனியுங்கள். ஒட்டு, தண்டு, பதியன் போன்ற வழிகளில், அதாவது விதையில்லாமல், பெருக்கப்படும் தாவரங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். அதிலும் கிழங்கு வழியாகப் பெருகும் உருளைக்கிழங்கு போன்றவற்றை விலக்கிவிட்டார்கள். அவற்றில் நடுவதும் உண்பதும் ஒரே பகுதி. அமெரிக்காவின் புகழ்பெற்ற ரகப் படைப்பாளி லூதர் பர்பாங்க் 1926ல் இறந்துவிட்டார். பிளம் உள்ளிட்ட அவருடைய 16 தாவரங்களுக்கு இறந்த பிறகு காப்புரிமை வந்தது. அவர் பெயரை உலகமறியச் செய்த உருளைக்கிழங்குக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

ஆக நெல், கோதுமை, மக்காச்சோளம், பருத்தி, சோயா ஆகிய விதைப் பயிர்கள் எதுவும் இந்த எண்ணிக்கைக்குள் வராது. உருளைக்கிழங்கும் வராது. மிஞ்சுவது பெரும்பாலும் பூச்செடிகள், அழகுச் செடிகள், பழ மரங்கள், கொடிகள். "தாவரக் காப்புரிமை" என்ற சொல்லைக் கேட்டதும் உணவுப் பயிர்கள்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவில் இதுவரை வழங்கப்பட்டிருக்கும் 35,000க்கும் மேற்பட்ட தாவரக் காப்புரிமைகளைப் புரட்டினால் ரோஜா, சாமந்தி, பெட்டூனியா என்று பூக்கடைக்குள் நுழைந்தது போலத்தான் இருக்கும்.

மற்ற இரண்டு வழிகள்

விதைப் பயிர்களுக்குப் பாதுகாப்பே இல்லையா என்றால், இருக்கிறது. அதற்கு வேறு பெயர், வேறு அலுவலகம், வேறு விதிகள். தமிழில் அதைத் தாவர ரகப் பாதுகாப்பு அல்லது ரக உரிமை என்று சொல்லலாம்.

1961 டிசம்பரில் பாரிஸில் சில ஐரோப்பிய நாடுகள் இதற்காக ஓர் ஒப்பந்தம் செய்தன. அதை யூபோவ் என்ற சுருக்கப் பெயரில் அழைக்கிறார்கள். தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது. 1972, 1978, 1991 ஆகிய ஆண்டுகளில் திருத்தங்கள் வந்தன. இன்று உறுப்பினர்கள் ஏறத்தாழ 80 பேர். அதில் ஐரோப்பிய ஒன்றியம் போன்ற கூட்டமைப்புகளும் அடக்கம். அமெரிக்கா விதைப் பயிர்களுக்கான தனிச் சட்டத்தை 1970ல் கொண்டுவந்தது.

ரக உரிமை வாங்க ஒரு ரகம் என்னென்ன சோதனைகளைத் தாண்ட வேண்டும்? மற்ற ரகங்களிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும். வயல் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். தலைமுறை தாண்டியும் மாறாமல் நிற்க வேண்டும். கூடவே "புதியதாக" இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறோம். இங்கே "புதியது" என்பதற்கு, இதற்கு முன் விற்கப்படாதது என்று மட்டுமே பொருள். உள்நாட்டில் ஓராண்டுக்கு மேலும் வெளிநாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு மேலும் விற்பனையில் இருந்திருக்கக் கூடாது. மரங்களுக்கும் கொடிகளுக்கும் வெளிநாட்டுக் கெடு ஆறு ஆண்டுகள். அவ்வளவுதான். மகசூல் கூடியிருக்கிறதா, நோய் தாங்குமா, தண்ணீர் குறைவாகக் கேட்குமா என்று யாரும் கேட்பதில்லை. பூவின் இதழோரத்தில் நிறம் தெளிவாக மாறியிருந்தாலும் ரகம் தேறிவிடும். பொருளாதார ஆய்வுகளில் நாம் "புதுமை" என்று சொல்வதும், ரகச் சட்டம் "புதுமை" என்று சொல்வதும் ஒரே சொல்லை உடுத்திய இரண்டு வேறு விஷயங்கள். பதிவுகளை எண்ணிவிட்டு "புதுமை இவ்வளவு" என்று அறிவிக்கும்போது இந்த இரண்டும் சத்தமில்லாமல் இடம் மாறிவிடுகின்றன.

மூன்றாவது வழி, இயந்திரத்துக்கும் மருந்துக்கும் கொடுப்பது போன்ற சாதாரணக் காப்புரிமை. 1980ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆனந்த சக்கரவர்த்தி உருவாக்கிய பாக்டீரியா வழக்கில், மனிதர் உருவாக்கிய உயிருக்கும் காப்புரிமை தரலாம் என்று தீர்ப்பளித்தது. 1985ல் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு அமைப்பு அதைத் தாவரங்களுக்கும் நீட்டியது. 2001ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மரபணு மாற்றப் பயிர்களின் உரிமைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் இருக்கின்றன. சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில் இவற்றைத் தேட ஆய்வாளர்கள் 'ஏ01எச்' என்ற குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள். புதிய தாவரங்களும் அவற்றைப் பெறும் முறைகளும் அதன் கீழ் வரும்.

சரி, இப்போது நாடுகளுக்கு வருவோம். அமெரிக்காவில் இந்த மூன்று வழிகளும் திறந்திருக்கின்றன. ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தம் தாவர ரகங்களுக்குக் காப்புரிமை கொடுக்கக் கூடாது என்கிறது. அங்கே ரகங்கள் எல்லாம் 1995ல் தொடங்கி இப்போது பிரான்ஸின் ஆன்ஜே நகரில் இயங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரக அலுவலகத்துக்கோ, அந்தந்த நாட்டு அலுவலகத்துக்கோ போகும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் விதைகளையும் ரகங்களையும் வெளிப்படையாக விலக்குகிறது. அதற்குப் பதில் 2001ல் தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் வந்தது. இந்தியா யூபோவில் உறுப்பினர் இல்லை.

இந்த வேறுபாடுகளுக்கு இடம் கொடுப்பது 1995ல் அமலுக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமைகளுக்கான டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு. ரகங்களுக்கு ஏதாவது ஒரு வகைப் பாதுகாப்பு கொடுத்தே ஆக வேண்டும். காப்புரிமையா, தனிச் சட்டமா, இரண்டுமா என்பது உங்கள் விருப்பம் என்று உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகளுக்கு அது சொல்லிவிட்டது. நாடுகள் ஆளுக்கொரு வழியில் போக முடிவது அதனால்தான்.

எனவே "தாவரக் காப்புரிமை" என்று தலைப்பிட்ட ஓர் அட்டவணைப் பத்தியில் நெதர்லாந்துக்கும் இந்தியாவுக்கும் பூஜ்யம் போட்டு அமெரிக்காவுக்கு ஆயிரம் போட்டால், அதில் தெரிவது சட்டப் புத்தகங்களுக்கு இடையேயான வித்தியாசம்தான். உலகின் காய்கறி விதை, பூச்செடி வணிகத்தில் நெதர்லாந்து எவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள்.

அப்படியானால் ஏன் இதை எண்ணுகிறார்கள்?

வேறு அளவுகோல்கள் அதைவிடச் சிரமமானவை என்பதால்தான். ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்று பார்க்கலாம். ஆனால் அது போட்ட முதல். விளைந்தது என்ன என்று அது சொல்லாது. தனியார் நிறுவனங்களின் செலவுக் கணக்கு பல நாடுகளில் வெளியே வருவதும் இல்லை. உற்பத்தித் திறனைப் பார்க்கலாம். அதில் மழையும் விலையும் சாலையும் கடனும் கலந்திருக்கும். அதோடு, ஆராய்ச்சிக்கும் வயலில் தெரியும் பலனுக்கும் இடையே பத்து, இருபது ஆண்டுகள் ஓடிவிடும்.

பதிவு ஏடு அப்படியில்லை. அதில் தேதி இருக்கிறது, பயிர் இருக்கிறது, ரகத்தின் பெயர் இருக்கிறது, உரிமையாளர் யார், எந்த நாட்டவர் என்பது இருக்கிறது. அதுவும் பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ச்சியாக. ஆய்வாளருக்கு இது பெரிய கொடை. ஒரு நாட்டில் தனியார் விதை நிறுவனங்கள் எப்போது நுழைந்தன, எந்தப் பயிரைத் தேர்ந்தெடுத்தன, எந்த நாட்டு ரகம் எந்த நாட்டுச் சந்தைக்குப் போகிறது என்றெல்லாம் இதில் பார்க்கலாம். இந்தக் கேள்விகளுக்கு இதைவிட நல்ல ஆவணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்வி கிரிலிக்கஸ் என்ற பொருளாதார அறிஞர், வீரிய ஒட்டு மக்காச்சோளம் (இரண்டு வரிசைகளைக் கலந்து பெறும் விதை) அமெரிக்காவில் பரவிய வேகத்தை அளந்து 1957ல் எழுதிய ஆய்வால் புகழ்பெற்றவர். 1990ல் அவர் காப்புரிமைப் புள்ளிவிவரங்களைப் பற்றி எழுதும்போது மூன்று எச்சரிக்கைகளைச் சொன்னார். எல்லாக் கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை பெற முடியாது. பெறக்கூடிய எல்லாவற்றுக்கும் யாரும் பெறுவதில்லை. பெற்றவற்றின் தரமும் ஒன்றுபோல் இல்லை. எல்லாத் துறைகளுக்கும் சேர்த்துச் சொன்னது இது. தாவரங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

பதிவேட்டில் இல்லாத பெரிய புதுமைகள்

1966ல் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐஆர்-8 என்ற குட்டை ரக நெல்லை வெளியிட்டது. உயரமான பேட்டா ரகத்தையும் குட்டையான டீ-ஜியோ-வூ-ஜென் ரகத்தையும் கலந்து உருவாக்கியது. அதுவரை இருந்த நெட்டை ரகங்களுக்கு உரம் அதிகம் போட்டால் உயரமாக வளர்ந்து கதிரின் கனத்தில் சாய்ந்துவிடும். ஐஆர்-8 சாயாமல் நின்றது. உரத்தை மணியாக மாற்றியது. மெக்சிகோவில் நார்மன் போர்லாக் குழு உருவாக்கிய குட்டைக் கோதுமையின் கதையும் இதுதான். அந்தக் குட்டை மரபணு ஜப்பானின் நோரின்-10 ரகத்திலிருந்து வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் உணவு உற்பத்தியை இவ்வளவு மாற்றிய ரகங்கள் வேறு அதிகம் இல்லை. இவற்றின் விதைகள் காப்புரிமை எதுவும் இல்லாமல் நாடு நாடாகக் கொடுக்கப்பட்டன. பொது நிதியில் நடந்த ஆராய்ச்சி என்பதால் பரப்புவதுதான் நோக்கமாக இருந்தது. எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் 1960களின் ஆசியாவில் ஒன்றுமே நடக்கவில்லை என்று முடிவு கட்டியிருப்போம். இந்த ஓர் உதாரணத்துக்காகவே பொது ஆராய்ச்சி வலுவாக இருக்கும் நாடுகளையும் தனியார் ஆராய்ச்சி வலுவாக இருக்கும் நாடுகளையும் ஒரே எண்ணால் அளக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

வீரிய ஒட்டு ரகங்கள் பதிவேட்டுக்கு வராமல் போக இன்னொரு காரணம் உண்டு. அவற்றின் விளைச்சலிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால் வீரியம் குறைந்துவிடும், பயிரும் சீராக வராது. விவசாயி ஒவ்வொரு பருவத்துக்கும் விதை வாங்கியாக வேண்டும். தாய் தந்தை வரிசைகளை நிறுவனம் ரகசியமாக வைத்துக்கொண்டால் போதும். உயிரியலே பூட்டுப் போட்டுக் கொடுத்திருக்கும்போது சட்டத்தின் பூட்டு அவ்வளவு அவசியப்படுவதில்லை. அப்புறம் சொட்டு நீர்ப் பாசனம், பயிர்ச் சுழற்சி, இடைவெளி மாற்றி நடும் முறைகள், பூச்சி மேலாண்மை என்று ரகம் சாராத புதுமைகள் எவ்வளவோ உண்டு. தாவர உரிமை எண்ணிக்கையில் இவை தொடக்கத்திலேயே சேராது.

உரிமை வாங்கியிருக்கலாம், ஆனால் வாங்கவில்லை என்பதற்கு ஷைன் மஸ்கட் திராட்சை நல்ல உதாரணம். ஜப்பானின் தேசிய விவசாய ஆராய்ச்சி அமைப்பு உருவாக்கியது. 2006ல் ஜப்பானில் பதிவானது. தோலோடு சாப்பிடலாம், விதையில்லாமல் விளைவிக்கலாம், நல்ல மணம். வெளிநாடுகளில் பதிவு செய்ய இருந்த ஆறு ஆண்டு கெடுவை ஜப்பான் தவறவிட்டது. கன்றுகள் சீனாவுக்கும் கொரியாவுக்கும் போய்ச் சேர்ந்தன. இன்று சீனாவில் அதன் பரப்பு ஜப்பானைப் போலப் பல மடங்கு. சீனப் பதிவேட்டில் ஜப்பானின் இந்தச் சாதனை இல்லவே இல்லை. ஜப்பான் 2020ல் தன் விதை, நாற்றுச் சட்டத்தைத் திருத்தி, பதிவான ரகங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கு இது முக்கியக் காரணம்.

பதிவேட்டில் இருந்தும் புதுமை இல்லாதவை

எதிர்த்திசையிலும் பிழை உண்டு. அமேசான் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சடங்குகளுக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுத்தும் அயவாஸ்கா கொடியின் ஒரு வகைக்கு 1986ல் அமெரிக்காவில் ஒருவர் தாவரக் காப்புரிமை பெற்றார். அமேசான் பழங்குடி அமைப்புகள் போராடியதில் 1999ல் அது ரத்தானது. 2001ல் திரும்பவும் செல்லுபடியாக்கப்பட்டு, 2003ல் காலாவதி ஆனது. அட்டவணையில் அது அமெரிக்காவின் கணக்கில் ஒரு புதுமை. அந்தக் கொடியை வளர்த்துப் பேணிய மக்கள் வாழும் நாடுகளின் கணக்கில் ஒன்றும் இல்லை. எண்ணிக்கை பற்றிப் பேசும்போது இந்த அநியாயத்தை ஓர் ஓரத்துக் குறிப்பாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்தியப் பதிவேட்டைப் படிக்கும்போது வேறொரு கவனம் வேண்டும். அங்கே புதிய ரகங்கள் மட்டுமல்லாமல், ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் ரகங்களையும், விவசாயிகள் வழிவழியாகப் பேணிவந்த பாரம்பரிய ரகங்களையும் பதிவு செய்யலாம். விவசாயிகளின் ரகங்களுக்கு உரிமை கொடுத்தது அந்தச் சட்டத்தின் மிக நல்ல அம்சம் என்பது என் கருத்து. ஆனால் மொத்தப் பதிவுகளை எடுத்து, "இந்த ஆண்டு இத்தனை புதுமைகள்" என்று எழுதினால் தவறாகிவிடும். பல நூறு ஆண்டு பழைய நெல் ரகமும் சென்ற ஆண்டு உருவான கலப்பு ரகமும் அதில் ஒன்றாகவே நிற்கும்.

ரோஜாவுக்குத் திரும்புவோம். பெட்ரா மோசர், பால் ரோட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1930ன் சட்டம் உண்மையிலேயே புதிய ரோஜாக்களைக் கொண்டுவந்ததா என்று ஆராய்ந்தார்கள். 1931 முதல் 1970 வரை வழங்கப்பட்ட தாவரக் காப்புரிமைகளில் ஏறக்குறைய பாதி ரோஜாவுக்குத்தான் போயிருந்தது. காப்புரிமையை மட்டும் பார்த்தால் அமெரிக்காவில் ரோஜாப் புரட்சியே நடந்தது போல இருக்கும். ஆனால் ரோஜாவுக்கு ஒரு வசதி உண்டு. காப்புரிமை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் புதிய ரோஜாக்களின் பெயர்கள் தனியாகப் பதிவாகின்றன. அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டபோது, புதிய ரோஜாக்களில் 20 சதவீதத்துக்கும் குறைவானவைதான் காப்புரிமை பெற்றிருந்தன என்று தெரிந்தது. பெரும்பாலான புதிய ரோஜாக்களை ஐரோப்பியர்களே தொடர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 1931க்குப் பிறகு ஆண்டுக்கு வரும் புதிய ரகங்களின் எண்ணிக்கையும் கூடவில்லை. பெரிய நாற்றங்கால் நிறுவனங்கள் வளர அந்தச் சட்டம் உதவியிருக்கலாம் என்பது வேறு விஷயம். காப்புரிமைக்கு வெளியே இன்னொரு பட்டியல் இருந்ததால் ரோஜாவில் இந்தச் சோதனையைச் செய்ய முடிந்தது. பெரும்பாலான பயிர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது.

கட்டணம் போனால் விண்ணப்பம் வரும்

சீனா 1999ல் யூபோவில் சேர்ந்தது. சமீப ஆண்டுகளில் உலகம் முழுக்க வரும் ரக உரிமை விண்ணப்பங்களில் ஏறக்குறைய பாதி அங்கேதான் போடப்படுகின்றன. இது சாதாரண விஷயமல்ல. பெரிய பொது ஆராய்ச்சி அமைப்பு, 1960களில் யுவான் லாங்பிங் தொடங்கிவைத்த வீரிய ஒட்டு நெல் ஆராய்ச்சி, வளரும் விதைச் சந்தை எல்லாம் பின்னால் இருக்கின்றன.

அதே சமயம், 2017 ஏப்ரல் முதல் சீனா ரகப் பாதுகாப்புக்கான கட்டணங்களை வசூலிப்பதை நிறுத்தியது. விண்ணப்பிக்கக் காசு வேண்டாம், ஆண்டுதோறும் உரிமையைத் தக்கவைக்கவும் காசு வேண்டாம் என்றால் என்ன ஆகும்? முன்பு யோசித்து, தேறாது என்று ஒதுக்கிய ரகங்களையும் போட்டுவைப்பார்கள். கட்டணம் ஒரு சல்லடை. அதை எடுத்துவிட்டால் உள்ளே வரும் எண்ணிக்கைக்கும் பழைய எண்ணிக்கைக்கும் ஒரே அர்த்தம் இருக்காது. கூடுதலில் எவ்வளவு புதிய ஆராய்ச்சி, எவ்வளவு சல்லடை போனதால் வந்தது என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, தரத்தை எப்படித்தான் பார்ப்பது? ஒரு நல்ல வழி, உரிமையாளர் எத்தனை ஆண்டுகள் கட்டணம் கட்டி உரிமையைத் தக்கவைத்தார் என்று பார்ப்பது. சந்தையில் ஓடாத ரகத்துக்கு யாரும் ஆண்டாண்டாகப் பணம் கட்ட மாட்டார்கள். ஆண்டுக் கட்டணம் உள்ள ரக உரிமைகளில் இந்த முறை நன்றாக வேலை செய்யும். ஆனால் அமெரிக்கத் தாவரக் காப்புரிமைக்கு இடையில் புதுப்பிப்புக் கட்டணமே கிடையாது. ஒருமுறை வாங்கினால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உரிமை. அங்கே இந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இரண்டு கற்பனை நாடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் நாட்டில் ஓராண்டில் 1,000 ரக உரிமைகள். இரண்டாம் நாட்டில் 200. முதல் நாடு ஐந்து மடங்கு முன்னால் நிற்கிறது என்று தோன்றும்.

முதலில் உரிமையாளர் எந்த நாட்டவர் என்று பிரியுங்கள். முதல் நாட்டின் 1,000ல் 650 வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ரகங்கள் வேறெங்கோ உருவாகி இங்கே விற்பனைக்கு வந்தவை. அது அந்த நாட்டுச் சந்தையின் ஈர்ப்பையும் சட்டத்தின் மீதுள்ள நம்பிக்கையையும் காட்டுகிறது. முக்கியமான தகவல்தான், உள்நாட்டு ஆராய்ச்சியின் அளவு அதில் இல்லை. மிச்சம் 350. இரண்டாம் நாட்டில் 180 உள்நாட்டவருடையது.

அடுத்து பயிர்வாரியாகப் பிரியுங்கள். 350ல் 250 பூச்செடிகள். 180ல் 150 தானியமும் பயறும். பூச்செடி ஆராய்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது நுணுக்கமான வேலை, பல குடும்பங்களின் வாழ்வாதாரம். ஆனால் பூவில் ஃபேஷன் மாற மாற ஆண்டுக்குப் பல ரகங்கள் வந்துபோகும். ஒரு கோதுமை ரகத்தை உருவாக்கப் பத்தாண்டுகள்கூட ஆகும். இரண்டையும் ஒன்று, ஒன்று என்று எண்ணிக் கூட்டுவதில் அர்த்தமில்லை. உணவுப் பயிர் என்று மட்டும் பார்த்தால் முதல் நாட்டில் அதிகபட்சம் 100, இரண்டாம் நாட்டில் 150. வரிசை தலைகீழாகிவிட்டது. எண்களை நானே வைத்தேன் என்பது உண்மை. ஆனால் நிஜத் தரவுகளிலும் இந்த இரண்டு பிரிவினைகளைச் செய்யாமல் வரிசைப்படுத்தினால் எந்த முடிவையும் நம்ப முடியாது.

பிறகு வகுக்கும் எண். மக்கள்தொகையால் வகுப்பதா, சாகுபடிப் பரப்பாலா, விவசாயத்தின் பொருளாதார மதிப்பாலா? சிறிய பரப்பில் கண்ணாடிக்கூடங்களில் பயிர்செய்யும் நாடு பரப்பால் வகுத்தால் உச்சத்துக்குப் போகும். எதனால் வகுத்தோம் என்று சொல்லாத தரவரிசையை நான் ஓரமாக வைத்துவிடுவேன். விண்ணப்பமா, வழங்கப்பட்ட உரிமையா என்பதையும் பாருங்கள். ஒரே ரகம் பத்து நாடுகளில் பதிவானால் பத்தாக எண்ணினார்களா, ஒன்றாக எண்ணினார்களா என்பதும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரே விண்ணப்பம் 27 நாடுகளுக்கும் செல்லும். மற்ற இடங்களில் நாட்டுக்கு ஒன்று போட வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த அளவுகோலை ஒரே நாட்டுக்குள், ஒரே பயிரில், சட்டமும் கட்டணமும் மாறாத ஒரு காலத்தில் பயன்படுத்துவது நல்லது. கனடாவின் கோதுமையில் இருபது ஆண்டுகளில் பொது நிறுவனங்களின் பங்கு எப்படி மாறியது போன்ற கேள்விக்கு அது நேர்மையாகப் பதில் சொல்லும். கனடாவையும் கென்யாவையும் அருகருகே வைத்தால் உடனே தடுமாறும்.

நாடுகளை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால், உரிமை எண்ணிக்கையோடு இன்னொரு அளவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அது விவசாயிகளின் வயலில் இப்போது நிற்கும் ரகங்களின் சராசரி வயது. ஒவ்வொரு ரகமும் வெளியாகி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை, அது பயிராகும் பரப்பைக் கொண்டு எடைபோட்டுக் கணக்கிடுவார்கள். பதிவேட்டில் ஆண்டுதோறும் நூறு புதிய நெல் ரகங்கள் சேர்ந்தாலும், வயலில் முப்பது ஆண்டு பழைய ரகமே நின்றால் அந்த நூறும் விவசாயியிடம் போய்ச் சேரவில்லை. 1980களில் வெளியான ஸ்வர்ணா நெல்லை இந்தியாவின் கிழக்குப் பகுதி விவசாயிகள் பல பத்தாண்டுகள் விடாமல் பயிரிட்டார்கள். விஞ்ஞானிகள் அதற்கு மாற்றாக முற்றிலும் வேறொரு நெல்லைக் கொண்டுவராமல், விவசாயிகள் விரும்பிய அதே ஸ்வர்ணாவுக்குள் வெள்ளத்தில் மூழ்கினாலும் இரண்டு வாரம்போல் தாக்குப்பிடிக்கும் மரபணுப் பகுதியைச் சேர்த்து 2009ல் ஸ்வர்ணா-சப்1 என்று கொடுத்தார்கள். அது வேகமாகப் பரவியது. உரிமைகளை எண்ணும் அட்டவணையில் இப்படி ஒரு ரகம் கூட்டினால் ஒன்றுதான். வெள்ளம் வடிந்த வயலில் அது மறுபடி துளிர்ப்பதைப் பார்த்த விவசாயிகளின் எண்ணிக்கை லட்சங்களில் இருக்கும்.